அலையில்லாத இடம்

"அந்த ரொட்டியைக் குடுக்காத, ஸ்டாவ். சாஸ் பட்டுடுச்சு. அவன் தொடமாட்டான்."

"ஒரு சொட்டுதான், நெரி. தொடைச்சுட்டேன்."

"தொடைச்சா? உன் மகன் மோப்பத்துலயே கண்டுபிடிச்சிடுவான்."

"சரி, அப்பன் தலையெழுத்து, அப்பனே தின்னுடறேன்." சாசேஜ் சுற்றிய ரொட்டியை ஸ்டாவ் ஒரே வாயில் திணித்துக்கொண்டான். கன்னம் உப்பி, பேச முடியாமல் அவன் நின்ற கோலத்தைப் பார்த்து நெரிடா சிரித்தாள்.

ஆண்டுக்கு ஒருமுறை கடற்கரையில் நடக்கும் அலைச்சறுக்கு நாள் அது. ஆட்டிசக் குழந்தைகளும் சக்கர நாற்காலிக் குழந்தைகளுமாக பெற்றோரோடு ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையையும் பலகையில் படுக்க வைத்து, இரண்டு தொண்டர்கள் இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒன்பது வயது கேலமின் முறை முடிந்திருந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

நெரிடா சிரிப்பு அடங்கித் திரும்பினாள். துண்டு மட்டும் கிடந்தது.

"கேலம்?"

கூப்பிட்டுப் பயனில்லை. பேச்சு வராத பிள்ளை. பெயர் சொன்னாலும் திரும்பமாட்டான்.

பயணத்தை நடத்தும் ட்ரூடி ஓடி வந்தாள். "எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பதான். ரெண்டு நிமிஷம். அஞ்சு இருக்குமோ? தெரியலையே!"

"தண்ணியைப் பாருங்க! எல்லாரும் தண்ணியைப் பாருங்க!"

இந்தக் குழந்தைகளை வளர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். பிள்ளையைக் காணோமென்றால் முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் பிறகு.

குளிக்கப் பாதுகாப்பான இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்பாளர்கள் கைகோத்து நீருக்குள் வரிசையாக நடந்தார்கள். காலால் தரையைத் துழாவிக்கொண்டு நடந்தார்கள். நெரிடாவால் அந்தக் கால்களைப் பார்க்க முடியவில்லை.

"அங்க இருக்கமாட்டான்," என்றாள். "அலைச் சத்தம் அவனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்குவான்."

அவள் கண் தெற்கே போயிற்று. கொடிகளைத் தாண்டி, வெகுதூரத்தில், ஒரு பட்டையாக அலையே எழாத இடம் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் கரும்பச்சையாக, தெருப்போல அமைதியாகக் கிடந்தது.

"அங்க பாரு, ஸ்டாவ்! அங்கதான் போயிருப்பான்!"

"அவ்வளவு தூரமா?"

"என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஓடு!"

அவர்கள் கடலே இல்லாத ஆட்டுப்பண்ணை ஊரிலிருந்து நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள். கரையில் பிறந்த எவனும் அந்தக் கரும்பச்சையில் கால் வைக்கமாட்டான். வந்த அலையையெல்லாம் கடல் திரும்ப இழுத்துக்கொள்ளும் வழி அது. ஸ்டாவ் மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

"நீ இங்கயே இரு," என்றாள் ட்ரூடி. "திரும்பி வந்தான்னா யாராவது இருக்கணும்."

நெரிடா துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரை திரளும் போதெல்லாம் ஒரு சின்னத் தலை தெரிந்தது. நீலமாக ஏதோ மிதந்து வந்தது. அவன் போட்டிருந்ததும் நீலம்தான். மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஓர் அலை அதைக் கரையில் புரட்டிப் போட்டது. ஐஸ்பெட்டியின் மூடி.

திடீரென்று விசில். இன்னொன்று. ரப்பர் படகு ஒன்று தெற்கே சீறிப் பாய்ந்தது.

"கண்டுபிடிச்சுட்டாங்களா? ட்ரூடி, உயிரோட இருக்கானா?"

"தெரியலை கண்ணு. மூச்சு விடு. முதல்ல மூச்சு விடு."

"இவரையா தேடறீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பஸ் டிரைவர் பாரி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேலம்.

"கடைசி சீட்டுல உக்காந்திருந்தாரு, தொரை. பெல்ட்டுகூடப் போட்டாச்சு. கண்ணாடியெல்லாம் மூடியிருந்துச்சா, பஸ்ஸுக்குள்ள சத்தமே இல்லை. அதான் புடிச்சிருக்கு."

நெரிடா அவனை வாரி அணைத்தாள். அவள் கன்னத்து ஈரம் பிடிக்காமல் அவன் தள்ளிவிட்டான். சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே கைதட்டினார்கள். அவள் எழுந்து தெற்கே பார்த்து இரண்டு கைகளையும் வீசினாள்.

"ஸ்டாவ்! கிடைச்சுட்டான்! வா!"

கரும்பச்சை நீரில் அந்தப் படகு மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. உயிர்காப்பாளன் ஒருவன் மணலில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு இறங்கினவர் யார்கூட வந்தவர்? அவருக்குத்தான் விசில் ஊதினோம்."

இருட்டும் வரை தேடினார்கள். பஸ் புறப்படுமுன் ட்ரூடி, விதிப்படி, பட்டியலை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினாள். அதில் பெற்றோர் பெயர் கிடையாது. பன்னிரண்டு குழந்தைகள், ஒருவரும் குறையவில்லை.