முதல் பரிசு போட்டோ

"போட்டோ மட்டும் வேண்டாம்க்கா, ப்ளீஸ்."

ஹெப்சி தன் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஜாஸ்மின் கையில் முதல் பரிசுக் கோப்பை. பொங்கலுக்கு அபார்ட்மெண்டில் நடந்த ஓவியப் போட்டியில், அவள் வரைந்த மாட்டைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

மாளவிகாவுக்குச் சுருக்கென்றது. அஸ்தினாபுரத்தில் இருபத்து நான்கு வீடுள்ள அந்த அபார்ட்மெண்டுக்கு அவள்தான் செக்ரட்டரி. பரிசு வாங்கி வந்தது, மைக் பிடித்தது எல்லாமே அவள்.

"எல்லாப் பிள்ளைங்களும் நிக்குது. உன் பொண்ணு மட்டும் என்ன, சினிமா ஸ்டாரா?"

"அப்படி இல்லக்கா. நெட்ல வந்துடும்..."

"வந்தா என்ன? பெருமைதானே?"

ஹெப்சி எப்போதுமே அப்படித்தான். குடிவந்து ஏழு மாதம் ஆகியும் வாட்ஸ்அப் குரூப்பில் சேரவில்லை. வாசலில் பெயர் எழுதவில்லை. குரோம்பேட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"எதையோ மறைக்கிறா" என்று மாளவிகா தன் கணவன் கேஷவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆனால் ஜாஸ்மினைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தது அது. ஹெப்சி போனில் பேச அந்தப் பக்கம் போனதும், மாளவிகா குழந்தையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணுடா கண்ணா. சிரி."

அன்று சாயங்காலமே ஏரியா ஃபேஸ்புக் குரூப்பில் போட்டோ ஏறியது. முதல் பரிசு ஜாஸ்மின், மூன்றாம் வகுப்பு, அபார்ட்மெண்ட் பெயர், தெருப் பெயர், எல்லாமும். விடிவதற்குள் தொள்ளாயிரம் லைக்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. மாளவிகா காய்கறிப் பையோடு வந்தபோது கேட்டில் ஒருவன் நின்றிருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, ஒரு கையில் கேக் டப்பா, மறு கையில் பெரிய பொம்மை.

வாசல் பெருக்கும் கிளியம்மாள் துடைப்பத்தோடு வழியை மறித்து நின்றாள்.

"ஹெப்சின்ற பேர்ல இங்க யாரும் கெடையாது சார். வேற எங்கனா போய்க் கேட்டுப் பாரு."

"ஏன் கிளியம்மா பொய் சொல்ற?" என்று மாளவிகா குறுக்கிட்டாள். "நீங்க யார் சார்?"

"ஜாஸ்மினோட அப்பா மேடம். ஃபேஸ்புக்ல போட்டோ பார்த்தேன். பிள்ளையைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு..."

அவன் குரல் தழுதழுத்தது. மாளவிகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதைத்தான் மறைத்திருக்கிறாள்! பெற்ற அப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்!

"வாங்க சார். மூணாவது மாடி. நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம் மேடம்" என்று கிளியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். மாளவிகா உதறிவிட்டு நடந்தாள்.

கதவைத் திறந்த ஹெப்சி அவனைப் பார்த்ததும் சாத்தப் பார்த்தாள். முடியவில்லை. பொம்மை கீழே விழுந்தது. அவன் உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டான்.

மாளவிகா கதவைத் தட்டிக்கொண்டே கத்தினாள். கேஷவும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து கதவை உடைத்து அவனை இழுத்துப் போடுவதற்குள் ஹெப்சியின் இடது கை ஒடிந்து தொங்கியது. ஜாஸ்மின் பீரோவுக்குள் புகுந்துகொண்டிருந்தது. யார் கூப்பிட்டும் வரவில்லை. கிளியம்மாள் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிய பிறகுதான் வெளியே வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில்தான் மற்றது தெரிந்தது. மனைவி, மகள் பக்கமே போகக்கூடாது என்று அவனுக்குக் கோர்ட் உத்தரவு. அவனுக்குப் பயந்து ஹெப்சி மாறிய மூன்றாவது வீடு இது.

ஒரு வாரம் கழித்து கேட்டில் டெம்போ வந்து நின்றது. கட்டில், பீரோ, ஒரு மிக்ஸி, புத்தகப் பை, இரண்டு மூட்டை. அவ்வளவுதான் சாமான். கிளியம்மாள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மாளவிகா பக்கத்தில் போனாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஹெப்சி. கிளியம்மாகிட்ட சொல்லியிருக்க, என்கிட்ட சொல்லத் தோணலையா?"

"அவங்ககிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா. யாராவது தேடி வந்தா இல்லைன்னு சொல்லுங்கன்னு மட்டும்தான் சொன்னேன். அவங்க காரணம் கேக்கல."

மாளவிகாவுக்கு முகம் சிவந்தது.

"நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா போட்டேன். பிள்ளைங்க போட்டோவைப் போட்டா இப்படியெல்லாம் ஆபத்து வரும்னு எனக்கெப்படித் தெரியும்? சத்தியமாத் தெரியாது."

ஹெப்சி கோபப்படவில்லை. கட்டுப் போடாத கையால் போனை எடுத்து, அந்தப் போட்டோவைத் திறந்து அவளிடம் நீட்டினாள். பிறகு மகளை டெம்போவில் ஏறி உட்காரச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டு, போனுக்காகக் கையை நீட்டியபடி காத்திருந்தாள்.

மாளவிகாவால் உடனே கொடுக்க முடியவில்லை.

வரிசையாகப் பதினொரு பிள்ளைகள். பத்து முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவள் பெற்ற மகள் ஸஹானாவின் முகத்தை மட்டும், அவளே ஒட்டிய மஞ்சள் ஸ்மைலி ஒன்று முழுசாக மறைத்திருந்தது.