ரிவர்டன் தோற்கக் கூடாது

"ரிவர்டன் ஜெயிச்சாச்சா, தோத்தாச்சா? அத மட்டும் சொல்லுங்க."

மிஷன் பங்களாவின் பின்வாசலில் நின்று ராகேல் இப்படிக் கேட்டதும் டைப்பிஸ்ட் சத்தியநேசனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. நாளைச் சாயங்காலம் அவள் புருஷனுக்கு நினைவு ஜெபம். பந்தலுக்கு மூங்கில்கூட வந்து இறங்கிவிட்டது. இவள் என்னவென்றால் அமெரிக்காவில் யாரோ ஆடிய பந்தாட்டத்துக்கு முடிவு கேட்கிறாள்.

"ஜெயிச்சாச்சு அக்கா. கடைசி ஆட்டம், இருபத்தொண்ணுக்குப் பதினாலு."

"ஆளு நெறைய வந்திருந்தாவளா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்களே பாத்துக்கிடுங்க," என்று பத்திரிகைக் கட்டை நீட்டினான்.

பாதிரியாருக்குச் சொந்த ஊர் ரிவர்டன். அவருடைய தங்கை அந்த ஊர்ப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் அனுப்புவாள். மூன்று மாதம் கழித்து வந்து சேரும். பாதிரியார் படித்து முடித்ததும் முன்பெல்லாம் வடசேரிச் சந்தைக்குக் கருவாடு பொதியப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக ராகேலுக்குப் போகிறது. பதிலுக்கு அவள் சத்தியநேசனின் மகளுக்குச் சட்டைக்கு லேஸ் பின்னிக் கொடுப்பாள்.

அந்த ஆட்டமும் நம் ஊர் ஆட்டம் மாதிரி இல்லை. பனங்கிழங்குக்குப் போடும் கொட்டை போல ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ரிவர்டன் அணியில் யாருக்கு முழங்கால் பிசகியது, யாருக்குத் தோள் இறங்கியது என்று ராகேலிடம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். சனிக்கிழமைகளில் உபவாசம் இருந்து அணிக்காக ஜெபம் வேறு செய்தாள். ஆடி முடித்து மூன்று மாதம் ஆன ஆட்டத்தில் கர்த்தர் இனி என்ன செய்ய முடியும் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

"தோத்தா அடுத்த ஆட்டத்துக்கு ஆளு வராதுல்லா," என்பாள் அவள்.

அவள் புருஷன் செல்வதாஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் கொச்சியில் கப்பலேறினான். ரிவர்டன் கல்லூரியில் பாதிரியார்தான் இடம் வாங்கிக் கொடுத்தார். அங்கே குளிர் எலும்பைத் தின்னும் என்று கேள்விப்பட்டு ராகேல் நீலக் கம்பளி நூலில் ஒரு மப்ளர் பின்னினாள். கடைசி ஒரு சாண் மிச்சம் இருக்கையில் நூல் தீர்ந்துபோனது. வெள்ளை நூலில் முடித்துக் கொடுத்தாள்.

முதல் வருடம் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. சனிக்கிழமை ஆனால் பந்தாட்டம் பார்க்கப் போய்விடுவதாக எழுதியிருந்ததுதான் கடைசி. பிறகு ஒன்றும் இல்லை. இவர்கள் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. படிப்பை நிறுத்திவிட்டான், இருக்குமிடம் தெரியவில்லை என்று கல்லூரியிலிருந்து பாதிரியாருக்குப் பதில் வந்தது.

பங்களாவிலிருந்து ராகேல் வீடு வந்தபோது மாமனார் நேசையன் பந்தல்காரரை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கொடியில் அவளுக்கென்று எடுத்த வெள்ளைச் சேலை கிடந்தது.

"மாமா, நீங்க வேதம் படிக்கிற பூதக்கண்ணாடி எங்க?"

"நாளைக்கு ஜெபம், மக்களே. இண்ணைக்கும் இந்தப் பந்துதானா?"

"ஜெபம் வேண்டாம் மாமா. அவிய உயிரோடதான் இருக்காவ."

"நீ எப்பிடிச் சொல்லுக?"

"எனக்குத் தெரியும். நான் வெள்ளை உடுக்க மாட்டேன்."

நேசையன் தலையைப் பிடித்துக்கொண்டார். இளைய மகனுக்கு மே மாதம் கல்யாணம். பெண் வீட்டார் மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். "இருந்தா ஒரு கடுதாசி போட மாட்டானா? சாவு வந்தாலொழிய அவன் ஒன்ன இப்பிடி விட மாட்டான் மக்களே," என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம். ஜெயித்த தலைவனை மற்றவர்கள் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். ராகேலின் கண்ணாடி அவன்மேல் நிற்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் எந்த ஆட்டக்காரன்மேலும் அது நின்றதில்லை. பின்னால் பார்க்க வந்த கூட்டத்தில், வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாக நகர்ந்தது.

மூன்றாவது வரிசையில் நின்றது.

தொப்பி வைத்திருந்தாலும் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா. செல்வதாஸ் கொஞ்சம் சதை போட்டிருந்தான். மடியில் ஒன்றரை வயசுக் குழந்தை, அவனைப் போலவே அகன்ற நெற்றி. ஒரு வெள்ளைக்காரி அவன் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் கழுத்தில் கறுப்பாகத் தெரிந்த மப்ளர். நுனியில் ஒரு சாண் மட்டும் வெள்ளை.

அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் இரண்டு வருடமும் ஜெபித்தாள். அந்த ஜெபம் கேட்கப்பட்டிருந்தது.

"என்ன மக்களே, ஒன் ஆளுவ ஜெயிச்சாச்சா?" மருமகளின் மனதைத் தேற்றத்தான் கிழவர் கேட்டார்.

"ஜெயிச்சாச்சு."

பத்திரிகையை நாலாக மடித்து அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாமனார் கையில் கொடுத்துவிட்டு, கொடியிலிருந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஜெபத்த நடத்திருங்க, மாமா."