என்ன தீர்ந்துச்சு?

“தீ” என்று அவள் வாக்கி டாக்கியில் சொன்னாள்.

“என்னம்மா, என்ன தீர்ந்துச்சு?” என்று மேஸ்திரி கேட்டார்.

மின்கம்பி இழுக்கும் வேலை நடக்கிற காட்டில் எங்காவது புகைகிறதா என்று பாறை உச்சியில் பைனாகுலரோடு உட்கார்ந்து பார்ப்பது அவள் வேலை. ஆட்கள் அவளைப் பருந்தக்கா என்பார்கள். கோடை தொடங்கியதிலிருந்து அவள் கண்ணில் பட்ட புகையெல்லாம் புதருக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்தவர்களுடையது.

இது வேறு புகை. பள்ளத்து டவரின் அடியில், இடுப்பளவு காய்ந்து நின்ற புல்லுக்குள்ளிருந்து வந்தது.

அந்த டவரின் உச்சியில், இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அவள் வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கினால் நெருப்புக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் புகை ஏறி வரும். அவருடைய வாக்கி டாக்கி கீழே பையில் கிடந்தது.

மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. குற்றம் தமிழினுடையது.

அந்தக் காட்டில் வாக்கி டாக்கி மனம் வைத்தால் முழுசாகப் பேசும். இல்லாவிட்டால் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். டீக்காரர் ஒருநாள் ‘தீர்ந்துடுச்சு டீ’ என்று சொல்லப்போக, ‘தீ’ மட்டும் போய்ச் சேர்ந்தது. மொத்தக் கூட்டமும் ஈரச் சாக்கோடு ஓடிவந்து, காலி கேனைச் சுற்றி நின்று மூச்சு வாங்கியது.

அடுத்து போல்ட் தீர்ந்தது. அதற்கும் ஓடினார்கள்.

பேட்டரி தீர்ந்தபோது பாதிப் பேர் ஓடினார்கள். டீசல் தீர்ந்தபோது ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேஃப்டி ஆபீசர் கூட்டம் போட்டார். இனிமேல் இந்த சைட்டில் எதுவும் தீரக் கூடாது, எல்லாம் முடியத்தான் வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் தன் பொறுமை தீர்ந்துவிட்டது என்று அவரே வாக்கி டாக்கியில் கத்தினார்.

அவள் ‘நெருப்பு’ என்று சொல்லிப் பார்த்தாள்.

இங்கே யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, யாரிடமும் தீப்பெட்டி கிடையாது என்று மேஸ்திரி கேட்காமலேயே சத்தியம் செய்தார். பின்னாலிருந்து இரண்டு குரல்கள் அவசரமாக ஆமாம் போட்டன. ஏதோ சோதனைக்கு ஆள் வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள்.

புல் இப்போது ஒளிவுமறைவில்லாமல் எரிந்தது. டவரின் ஒரு கால் புகைக்குள் போய்விட்டது. உச்சியில் அவர் குனிந்து பார்ப்பதும், இரண்டு படி இறங்குவதும், மறுபடி ஏறுவதும் தெரிந்தன.

ஆட்களெல்லாம் மேட்டுக்கு அந்தப் பக்கம், கம்பியை இழுக்கும் வின்ச் ஓடுகிற இடத்தில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நடந்து வந்தால் ஆகாது. ஓடி வர வேண்டும். அந்தக் கூட்டத்தை ஓடவைக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

பட்டனை அழுத்தினாள். பதற்றமே இல்லாத குரலில் சொன்னாள்.

“சாப்பாடு வந்தாச்சு, பள்ளத்து டவர்கிட்ட. ஆனா கொஞ்சமாத்தான் இருக்கு.”

இந்தச் செய்தி மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

மேட்டின் உச்சியில் முதலில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் முளைத்தது. அடுத்த நொடி மேடே மஞ்சளாகிவிட்டது. முழங்கால் வலி என்று காலையில் லீவு கேட்டவர் முன்னால் வந்தார். அவரை மேஸ்திரி முந்தினார். பல பேர் கையில் தட்டு இருந்தது.

பாதிச் சரிவில் எல்லோருக்கும் புகை தெரிந்தது. ஒருவர்கூட நிற்கவில்லை.

ஒவ்வொரு டவரின் அடியிலும் டிரம் நிறையத் தண்ணீரும் சாக்கும் இருக்க வேண்டும் என்பது விதி. சாக்கைத் தோய்த்தார்கள், அடித்தார்கள், மறுபடி தோய்த்தார்கள். சாக்கு கிடைக்காதவர்கள் தட்டால் மண்ணை வாரி இறைத்தார்கள். நெருப்பு இடப்பக்கம் நழுவப் பார்த்தது. அங்கே மேஸ்திரி நின்றார். வலப்பக்கம் திரும்பியது. அங்கே முழங்கால் வலிக்காரர் நின்றார்.

அதற்கு மேல் நெருப்புக்குப் போக இடமில்லை.

அணைந்தது.

பாறைக்குச் சத்தம் எட்டவில்லை. ஹெல்மெட்டுகள் வானத்தில் பறந்து விழுவது மட்டும் தெரிந்தது. மேஸ்திரியை யாரோ தூக்கினார்கள், கனம் தாங்காமல் உடனே இறக்கிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் கருகிய தரையில் கால் வைத்தார். பாறைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

பைனாகுலரில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

அவள் பள்ளத்துக்கு இறங்கி வந்தபோது சேஃப்டி ஆபீசர் ஜீப்பில் வந்து காத்திருந்தார். தீயைக் கண்டுபிடித்ததற்குக் கை கொடுத்துப் பாராட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாக்கி டாக்கியில் பொய்த் தகவல் பரப்பினால் என்ன தண்டனை தெரியுமா என்று கேட்டார்.

“நான் எங்க சார் பொய் சொன்னேன்? சாப்பாட்டு வேனைப் புல்லுக்குள்ள நிறுத்திட்டு டிரைவர் ஒதுங்கப் போயிட்டார். சைலென்சர் சூட்டுல வேனுக்கு அடியிலதான் முதல்ல பத்திக்கிச்சு.”

ஆபீசர் திரும்பிப் பார்த்தார். சற்றுத் தள்ளி, வெறும் தரையில், ஒரு பக்கம் கருத்துப்போய் வேன் நின்றது. புகைக்குள் முதலில் நுழைந்த நான்கு பேர் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு முதலில் காப்பாற்றப்பட்டது அதுதான். அவள் வீட்டுக்காரர் இரண்டாவது.

சாப்பாடு அப்படியொன்றும் கொஞ்சமாக இல்லை. எல்லோருக்கும் தாராளமாக வந்தது.

அந்த சைட்டில் முதல்முறையாகச் சூடாகவும் இருந்தது.