தூக்கிக் காட்டிய துணுக்கு

மூளைக்குள் ஒரு செல் இருந்தது. தன் பல கைகளாலும் நரம்புகளுக்குக் கொழுப்புறை சுற்றிவிடுவது அதன் வேலை. வலது காலுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்போடு அதற்குப் பழக்கம் அதிகம்.

ஒருநாள் அந்த நரம்பின் உறையிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து விழுந்தது. செல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டது.

"எங்கப்பா போறே? மறுபடி சுத்திவிட்டாப் போச்சு," என்றது நரம்பு.

"ஒட்டுப் போட்டே காலம் தள்ளணுமா? கேக்க வேண்டிய இடத்துல கேக்கணும்."

ரோந்து வந்த காவல் செல்லின் முன்னால் செல் துணுக்கைத் தூக்கிக் காட்டியது. காவல் செல் அதை உற்றுப் பார்த்தது.

"நல்லவேளை காட்டினீங்க. இதோட முகம் மனசுல பதிஞ்சிருச்சு. இனி நாங்க பாத்துக்கறோம்."

தன் பேச்சும் எடுபட்டதே என்று செல்லுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஒரு பட்டாளமே வந்தது. நரம்பு நெடுக இருந்த உறையைக் கிழித்தது.

"அது நான் சுத்தின உறை. அதை ஏன் கிழிக்கிறீங்க?"

"நீங்க காட்டின முகம்தானே?" என்றபடி செல்லின் கைகளையும் முறித்துப் போட்டது பட்டாளம்.

மிஞ்சியது இரண்டே கைகள். ஒன்றால் செல் மெல்லச் சுற்றத் தொடங்கியது.

"கால் விரலுக்கு ஒரு சேதி அனுப்பினேன்," என்றது நரம்பு. "போய்ச் சேரலை. வழியில எங்கயாவது பாத்தியா?"

செல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தத் துணுக்கு இன்னும் அதன் மற்றொரு கையில் இருந்தது. தூரத்தில் ரோந்து வரும் சத்தம் கேட்டதும் அந்தக் கையை இறுக மூடிக்கொண்டது.