வாடகைக் கண்

திருப்பூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மில் முதலாளி நாச்சிமுத்துவுக்கு நான் வாடகைக் கண். நார்வேயின் மலையிடுக்குக் கடலில், இந்தச் சின்னக் கப்பலில் நின்று நான் பார்ப்பதெல்லாம், என் கண்ணில் பொருத்திய வில்லை வழியாக அங்கே அவருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அவர் மில்லில் நூல் சுற்றியவள் நான் என்பது மட்டும் தெரியாது.

அம்மா செத்த அன்று லீவு கேட்டேன். "ஷிப்ட்ட முடிச்சுட்டுப் போ" என்றார். சுடுகாட்டில் தீ வைக்குமுன், "முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க" என்று கூப்பிடுவார்களே, அதற்கு நான் போய்ச் சேரவில்லை.

கப்பல் திரும்பியது. உலகத்தின் கடைசிப் பனிமலை விரிசல் விட்டது.

"கண்ணச் சிமிட்டாத அம்மிணி! இதப் பாக்கத்தான் உசுரோட கெடக்கறேன்" என்று காதுக்கருவியில் கெஞ்சினார்.

"முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க, முதலாளி" என்றேன்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மலை விழுந்த சத்தம் மட்டும் அவருக்குப் போகட்டும்.