மேலிடத்து அனுமதி

மேலே வாப்பாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் ஆஸியா ஏணிப்பக்கமே போகமாட்டாள். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

இன்றைக்கும் செருப்பைக் கழற்றியதுமே கீழிருந்து குரல் கொடுத்தாள். "உம்மா, ஜல்தி இறங்கி வா. ரிசல்ட் வந்துடுச்சு."

மெஷின் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நஸீரா இரும்பு ஏணியில் இறங்கி வந்தாள்.

"பாஸா?"

"பாஸ் இல்ல, டிஸ்டிங்ஷன். எம்.ஏ. முடிஞ்சுது உம்மா."

சும்மா எம்.ஏ. இல்லை, கம்யூனிகேஷன். மனுஷனுக்கு மனுஷன் எப்படிப் பேசிக்கொள்கிறான் என்று இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கிற படிப்பு. அந்த இரண்டு வருஷமும் ஆஸியா தன் வாப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

குற்றம் முழுக்க அவள்மேல் இல்லை. பி.ஏ. முடித்த கையோடு அவளை மேலப்பாளையத்து மாமி மகனுக்குக் கட்டிவைக்க நினைத்தார் முகம்மது ஹனீப். அவளோ மேலே படிப்பேன் என்று எம்.ஏ.வில் சேர்ந்துவிட்டாள். அன்றோடு அவர் பேச்சை நிறுத்தினார். நீங்க பேசலேன்னா எனக்கென்ன என்று அவளும் நிறுத்தினாள்.

தாராவியில் கீழே குடியிருக்க ஓர் அறை, மேலே தோல் பை தைக்க ஓர் அறை. ஆளுக்கொரு தளமாகப் பிரித்துக்கொண்டார்கள். சோற்றுக்கு இறங்கி வந்தாலும், "ஒம் மவகிட்ட உப்பு கேளு" என்று மனைவியிடம்தான் சொல்வார். உப்பு மகள் கையில் இருக்கும். நஸீரா வாங்கி அவர் கையில் கொடுப்பாள்.

ஆய்வுக்குக்கூட ஆஸியா தாராவிக் குடும்பங்களுக்குள் பேச்சு எப்படி நடக்கிறது என்றுதான் எடுத்திருந்தாள். சந்து சந்தாக ஏறி இறங்கி எல்லார் வீட்டுக் கதையையும் எழுதினாள். சொந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டாள். பேராசிரியர் ரொம்ப மெச்சிக்கொண்டார்.

"உம்மா, டெல்லியில ஒரு சேனல்ல வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரின்னு சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"டெல்லியா? அம்புட்டு தூரமாட்டி?"

"வாப்பாகிட்ட கேளு. அவர் வேண்டாம்னா நான் போகல."

இதுதான் வேடிக்கை. பேசமாட்டாள், ஆனால் அவர் சொல்லாமல் போகவும் மாட்டாள். படிக்கப் போனதற்கே இரண்டு வருஷத் தண்டனை. கேட்காமல் டெல்லிக்கும் போய்விட்டால் வாப்பா தன்னை அடியோடு விட்டுவிடுவார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

நஸீரா ஒரு நிமிஷம் ஏணியைப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

மேலே மெஷின் ஓடத் தொடங்கியது. பெருநாளுக்கு ஊருக்குப் போன தையல்காரர்கள் திரும்பாததால் இப்போது ஒரே மெஷின்தான். அந்தச் சத்தத்துக்குள் உம்மாவின் குரல் லேசாகக் கேட்டது. சற்று நேரத்தில் மெஷின் நின்றது.

வாப்பா யோசிக்கிறார் என்று ஆஸியா புரிந்துகொண்டாள். மௌனமும் ஒரு செய்திதான் என்று ஆய்வில் ஓர் அத்தியாயமே எழுதியவளுக்கு இதுகூடப் புரியாதா?

நஸீரா இறங்கி வந்தாள். "எங்க தங்குவன்னு கேக்காவ."

"லேடீஸ் ஹாஸ்டல்."

ஏறினாள். மெஷின் ஓடியது, நின்றது. இறங்கினாள். "தினம் ராத்திரி போன் பண்ணணுமாம்."

"யாருக்கு? அவருக்கா?"

"எனக்குத்தான். அவுக எங்க உங்கிட்ட பேசப்போறாவ?"

"சரி. அந்த மாமி மகன் விஷயம்?"

உம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் ஏறினாள். இந்தத் தடவை மெஷின் ரொம்ப நேரம் ஓடியது. ஆஸியா கீழே நகத்தைக் கடித்துக்கொண்டு மணியைப் பார்த்தாள்.

"இனி அந்தப் பேச்சே கிடையாதாம்" என்றாள் நஸீரா, கடைசிப் படியில் நின்றபடி. "நீ போய்ட்டு வாட்டி."

ஆஸியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சச்சி? நெசமாவா? வாப்பாவா சொன்னார்?"

"பின்ன நானா சொல்லுதேன்?"

ஆஸியா போனை எடுத்தாள். வருகிறேன் என்று டெல்லிக்கு அனுப்பினாள். அந்தப் பக்கமிருந்து உடனே வாழ்த்தும், சேரவேண்டிய தேதியும் வந்துவிட்டன. இனி மாற்றுவதற்கில்லை.

"வாப்பாவுக்கு என் சலாம் சொல்லு உம்மா. ரொம்பச் சந்தோஷம்னு சொல்லு."

படித்த பெண் அல்லவா, நன்றியையும் முறைப்படி ஆள் மூலமாகத்தான் அனுப்பினாள். நஸீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். மெஷின் முன்னைவிட வேகமாக ஓடியது. வாப்பாவுக்கும் சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று ஆஸியா நினைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலை யாரோ மறைத்தார்கள். தோளில் காலிச் சாக்கோடு முகம்மது ஹனீப் நின்றுகொண்டிருந்தார். காலையில் ஆஸியா வெளியே கிளம்பிய பிறகு குர்லாக் கடைக்குப் பைகளைக் கொண்டுபோனவர், வேர்த்து விறுவிறுத்து இப்போதுதான் திரும்புகிறார்.

வழக்கம்போல "நஸீரா" என்று கூப்பிட்டார். கீழே நஸீரா இல்லை. கடகடக்கிற கூரையை அண்ணாந்து பார்த்தார், போனும் கையுமாக நிற்கும் மகளைப் பார்த்தார். நடுவில் வேறு ஆள் இல்லாததால், இரண்டு வருஷம் கழித்து நேராக அவளிடமே கேட்டார்.

"மேல மெஷின்ல யாரும்மா?"