தொண்ணூற்றாறு டிகிரி

“தொண்ணூத்தாறு,” என்றான் என் கணவன் டெஸ்மண்ட்.

கம்ப்யூட்டர் பிராசஸரின் சூடு அது. எண்பத்தைந்தைத் தாண்டினால் நிறுத்திவிடுவது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம்.

காலை எட்டரை மணி. மாலை நாலுக்குள், கட்டப்போகும் ஒரு வீட்டின் உட்புற வீடியோவை நான் அனுப்பியாக வேண்டும். வேலையை விட்டுவிட்டு சொந்தமாக நான் பிடித்த முதல் ஆர்டர். ஒரு நிமிடம் தாண்டினாலும் வேறு ஆளிடம் போய்விடுவேன் என்று கட்டடக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

எங்கள் கம்ப்யூட்டர் அதன் வழக்கமான வேகத்தில் ஓடினால் வீடியோ தயாராக நாலரை ஆகிவிடும். அதனால்தான் பிராசஸரைக் கூடுதல் வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். சூடு தாங்கப் புது கூலர். அதன் அடியில், பிராசஸர் மேல், சூட்டைக் கடத்தும் பசை பூசியது டெஸ்மண்ட். அவன் விரல் தடிமன், உள்ளே நுழையாது. டப்பாவைப் பிரித்துக் கூலரை மாட்டியது நான்.

“எடுத்த எடுப்புலயே இவ்ளோ ஏத்துவாங்களா? எரிஞ்சு கிரிஞ்சு போனா?”

“நூறு மெகாஹெர்ட்ஸ்தான் ஏத்தினேன், ஆஞ்சலா.”

வேகத்தைப் பழையபடி இறக்கினான். அப்போதும் தொண்ணூற்றுநாலு. மானிட்டர் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை நான் உரிக்க விட்டதில்லை. அந்தக் குமிழ்கள் வழியாக அவன் எண்ணை உற்றுப் பார்த்தான். பிறகு பட்டென்று அணைத்தான்.

போன் அடித்தது. கட்டடக்காரர். பால்கனிக்குப் போய், கீழே அல்சூர் பஸ்கள் அலற, நாலுக்குள் வந்துவிடும் என்று கன்னடத்தில் சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கூலரைக் கழற்றி, கஷ்டப்பட்டு அவனே மாட்டி முடித்திருந்தான். விரல் முட்டியில் ரத்தம்.

“பசையை நான்தான் கம்மியா பூசிட்டேன். இப்ப சரி.”

அறுபத்தெட்டு. படிப்படியாக ஏற்றினான். முழு வேகத்திலும் எழுபத்தொன்பதைத் தாண்டவில்லை.

மூணே முக்காலுக்கு வீடியோ போய்விட்டது. உயிர் வந்தது. அதற்குப் பிறகும் நான் விடவில்லை. இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற அளவுகூடப் பசை பூசத் தெரியாதவன் என்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜூலியாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் துணி துவைக்கப் போடும்போது அவன் சட்டைப் பையைத் துழாவினேன்.

மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, நாலாக மடித்தபடி. பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பசை, தாராளமாக. மறுபக்கம் சிவப்பு எழுத்தில், கூலரை மாட்டும் முன் உரிக்கவும் என்று ஆங்கிலத்தில்.

வெட்கமாக இருந்தது. உள்ளே அவன் பல் துலக்கிக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தான்.

வாஷிங் மெஷின் மூடியில் இரண்டு வருடமாக ஒட்டியிருந்த தாளை ஒரே இழுப்பில் உரித்தேன்.